வெள்ளை ஈ குறைய கைகொடுத்த எல்லாருக்கும் நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தென்னந்தோப்புல ஓலையில சாறு உறிஞ்சற சுருள் வெள்ளை ஈ நல்லா குறைஞ்சு புதுசா வர்ற மட்டையெல்லாம் பச்சையா நிக்குது, அதுக்கு காரணமானவங்களுக்கு எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும்னுதான் இத எழுதறேன்.

முதல் நன்றி மருந்துக்கடை அண்ணனுக்கு. ஈ விடற பிசுபிசுப்பான கழிவால மட்டையெல்லாம் கரும்பூஞ்சை படிஞ்சு கெடந்தப்ப என்ன மருந்துண்ணா அடிக்கறதுன்னு கேட்டதுக்கு, மருந்தே வேண்டாம்னுட்டாரு. ஈ ஓலைக்கு அடியில வெள்ளை மெழுகுக்குள்ள இருக்கு, மருந்து சரியா படாது, அத திங்கிற பூச்சிதான் முதல்ல சாகும், நேரா ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு போங்கன்னு அனுப்புனாரு. மருந்து வித்து பொழைக்கறவரு இப்படி சொல்றதுக்கு பெரிய மனசு வேணுமுங்க.

ஆழியாறுல இருக்கறவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் பத்தாது. இந்த ஈ 2016ல இந்தியாவுலயே முதல்ல தெரிஞ்சது நம்ம பொள்ளாச்சி பக்கந்தான், ஆனா இதோட எதிரி, என்கார்சியாங்கற துளியூண்டு குளவி, அதுக்கு முன்னாடியே நம்ம நாட்டுல இருந்திருக்கு. அது ஈயோட குஞ்சுல முட்டை வெக்கும், புழு உள்ளயே தின்னு வளந்து, குளவியாகி மேல வட்டமா ஓட்டை போட்டு வெளிய வரும். லென்ஸ்ல அந்த ஓட்டைய பாத்தப்ப மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க! ஈய திங்கிற பச்சை கண்ணாடி இறக்கை பூச்சியோட முட்டையும் குடுத்தாங்க, ஈ வந்து ஒட்டிக்க மஞ்சள் ஷீட்ல வெளக்கெண்ணெய் தடவி கட்டுறது, லிட்டருக்கு 25 கிராம் மைதாவ கஞ்சியாக்கி அடிச்சு கரும்பூஞ்சைய உதிர வெக்கறதுன்னு எல்லாம் பொறுமையா சொல்லிக்குடுத்தாங்க.

குளவி இருக்கற ஓலையா பாத்து வெட்டி எங்களுக்கு குடுத்த மேக்கால தோட்டத்து மாமாவுக்கும், அத துண்டு துண்டா நறுக்கி மரம் மரமா குத்தி வெச்ச அக்காமாருக்கும், மரமேறுற தம்பிகளுக்கும் ரொம்ப நன்றி. சுத்தியிருக்கற தோப்புக்காரங்க எல்லாரும் எங்களோட சேந்து மருந்தடிக்கறத நிறுத்துனீங்களே, அது இல்லீன்னா குளவி பெருகியிருக்காதுங்க, ஏன்னா ஒரு தோப்புல அடிச்சாலும் அங்க போற குளவி செத்துருமில்ல.

கோடையில ஈ மறுபடி ஏறும். யாருக்காவது குளவி ஓலை வேணும்னா தயங்காம வந்து வெட்டிக்கோங்க, காசெல்லாம் வேண்டாம், கறுத்துப்போன ஈக்குஞ்சு கூடு இருக்கற ஓலையா பாத்து எடுங்க, அதுலதான் குளவி இருக்கும்.