நூலகத்தில் அரைமணி நேரம் இருந்ததும் வருகைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக்குப் போக மறுத்து அழும் பிள்ளையை இரண்டு நாள் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் தானே நடந்துபோகும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். முதன்முதலாகப் பள்ளியில் சேரும் சிறு குழந்தைகள் பலருக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஒழுங்காகப் போய்வந்துவிட்டு, ஒருநாள் ‘இனிப் போக மாட்டேன்’ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அதிலும் இயல்பாகவே தனக்குள் ஒடுங்கியிருக்கும் பிள்ளைக்கு, அந்த வைத்தியம் நோயை வளர்க்கும். 26 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவள் என்ற முறையிலும், அப்படியொரு பிள்ளையின் தாய் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளை ஆசிரியரின் கவனத்தை முதல் நாளே பெற்றுவிடுகிறது. ஒடுங்கிய பிள்ளையோ நமக்கு வேலை வைப்பதில்லை. கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும். இடைவேளையில் சுவரோரம் நிற்கும். இருவர் இருவராகச் சேருங்கள் என்றால் கடைசியில் மிஞ்சுவது அதுவாகவே இருக்கும். மதிப்பெண் அறிக்கையில் ‘அமைதியான, நல்லொழுக்கமுள்ள மாணவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். நானும் அப்படி எழுதியவள்தான்; எத்தனை பேருக்கு எழுதினேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது தயக்கமாக இருக்கிறது. வீட்டிலோ அதே பிள்ளைக்கு வாயில்லாப் பூச்சி, அழுத்தக்காரன், கல்லுளிமங்கன் என்று பட்டங்கள் கிடைக்கும். அப்படிப்பட்ட பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சொன்னால், அதுவரை வாய் திறக்காத ஒருவர் சொல்லும் முதல் புகாராகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகனுக்கு இது தொடங்கியது, அவன் தொடக்கப்பள்ளியை முடித்துவிட்டு வேறு பள்ளியில் சேர்ந்த ஆண்டில். காலை ஆறரை மணிக்கு வயிற்றுவலி வரும். பத்து மணியானால் போன இடம் தெரியாது. சனிக்கிழமை முழுவதும் நலமாக இருப்பான்; ஞாயிறு மாலை முகம் வாடிவிடும். குழந்தைநல மருத்துவர் பரிசோதித்து உடலில் கோளாறு ஒன்றுமில்லை என்றதும், ‘அப்படியானால் நடிப்புதானே?’ என்று கேட்டேன். வலி உண்மையானது, காரணம்தான் வயிற்றில் இல்லை என்றார் அவர். அச்சத்தில் இதயம் படபடப்பதும் குடல் முறுக்கிக்கொள்வதும் பிள்ளை வேண்டுமென்றே செய்கிற காரியங்கள் அல்ல. இது எனக்கு உறைக்க இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருமுறை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போனேன். அன்று மாலை முதல் அவன் என்னிடமும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

மட்டம் போடுவது வேறு, இது வேறு என்பது நேற்று இன்று கண்டறியப்பட்டதன்று. 1932-இலேயே பிராட்வின் என்பவர், அச்சத்தால் பள்ளியை விட்டு விலகி வீட்டிலேயே தங்கும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து எழுதினார். 1941-இல் ஏடலெய்ட் ஜான்சனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதற்குப் ‘பள்ளி அச்சம்’ என்று பெயரிட்டனர். பள்ளிக்குச் செல்வதில் கடும் சிரமம், போகவேண்டும் என்றதும் மிகுந்த மனக்கலக்கம், பெற்றோருக்குத் தெரிந்தே வீட்டில் இருத்தல், திருட்டு, அடிதடி போன்ற தீய நடத்தைகள் இல்லாமை என்று 1969-இல் மனநல மருத்துவர் இயன் பெர்க் குழுவினர் வகுத்த அடையாளங்களை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். மட்டம் போடுகிறவன் பெற்றோருக்குத் தெரியாமல் வெளியே சுற்றுவான். இந்தப் பிள்ளை நம் கண்முன்னே போர்வைக்குள் இருக்கும்.

ஏன் போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கே விடை தெரியாது. போகாமல் இருப்பதால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 1990-இல் கியர்னி, சில்வர்மன் என்ற உளவியலாளர்கள் இதை நான்காக வகுத்துக் காட்டினர்: பள்ளியில் எழும் துன்ப உணர்விலிருந்து தப்புதல், பிறர் முன் பேசுதல், தேர்வு எழுதுதல் போன்ற மதிப்பீடுகளிலிருந்து தப்புதல், வீட்டாரின் கவனத்தைப் பெறுதல், வெளியே கிடைக்கும் இன்பங்களை நாடுதல். ஒடுங்கிய பிள்ளைகளிடம் நான் பெரிதும் கண்டவை முதலிரண்டுமே. போகாத ஒவ்வொரு நாளும் மனம் இலேசாகிறது. அந்த ஆறுதலே மறுநாளின் அச்சத்தைப் பெருக்குகிறது. ஆகவே ‘மனம் தேறட்டும்’ என்று மாதக்கணக்கில் வீட்டில் விட்டுவைப்பதும் இழுத்துச் செல்வதைப்போலவே தவறு. அதே சமயம், அங்கே யாரேனும் கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்பாடு இருக்கிறதா, கழிப்பறைக்குப் போகவே பயமா என்று முதலில் விசாரித்துவிட வேண்டும். உண்மையான காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் துணிச்சலைப் போதிப்பது அநியாயம்.

வீட்டில் இருக்கும் நாள்களில் பள்ளி நாளுக்குரிய நேரத்திலேயே எழுப்புவதும், பள்ளி நேரத்தில் கைப்பேசியையும் விளையாட்டையும் ஒதுக்கி வைப்பதும், அதைத் தண்டனைபோல் சொல்லாமல் வீட்டின் வழக்கமாக ஆக்குவதும் பலன் தரும். காலையில் விவாதம் கூடவே கூடாது. என் மகன் மீண்டும் வாய் திறந்தது எதிரெதிரே உட்கார்ந்து கேட்டபோது அல்ல. இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் முகத்தைப் பார்க்காமலே, ‘வாசித்துக் காட்டச் சொன்னால் எழுத்தெல்லாம் கலங்குது’ என்றான்.

பிறகு செய்தவை மிகச் சிறிய காரியங்கள். முதல் வாரம் பள்ளி வாயில்வரை போய்த் திரும்பினோம். அடுத்து நூலகத்தில் அரைமணி நேரம். பின்னர் அவனுக்குப் பிடித்த ஓவிய வகுப்பு ஒன்று மட்டும். ஒவ்வொரு படியிலும் பயம் முதலில் ஏறி, பிறகு தானாகத் தணிவதை அவன் உணரவேண்டும். அதற்கு முன்பே எழுந்து ஓடிவந்துவிட்டால் அந்தப் படியை மறுபடியும் ஏறவேண்டியிருக்கும். முழுநாளும் இருக்கத் தொடங்க ஐந்து வாரமாயிற்று.

இந்த ஐந்து வாரத்தில் எங்களுக்கு நேர்ந்த பெரிய தடை மகனால் வந்ததன்று, வருகைப் பதிவேட்டால் வந்தது. அதில் வந்தான், வரவில்லை என்ற இரண்டுக்கு மட்டுமே இடம் இருந்தது. நூலகத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்த தலையுடன் திரும்பிய நாளில், அவன் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று குறித்து, விளக்கக் கடிதமும் கேட்டார்கள். வந்தால் முழுதாக வா, இல்லையேல் வராதே என்ற நிலையில் இப்பிள்ளைகள் வராமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார்கள். மருத்துவர் அல்லது உளவியலாளர் அறிவுரைப்படி படிப்படியாகத் திரும்பும் மாணவருக்குப் பகுதிநேர வருகையையும் வருகையாகவே ஏற்கும் விதியைக் கல்வித் துறையினர் கொண்டுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிள்ளை தூக்கமும் பசியும் இழந்தாலோ, வீட்டாரிடமும் பேசுவதை அறவே நிறுத்திவிட்டாலோ பெற்றோர் மனநல மருத்துவரை நாடத் தாமதிக்க வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

என் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல வாரம் கழித்து அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போது, ‘அடடே, யார் வந்திருக்கிறார் பாருங்கள்!’ என்று அன்பாகக்கூடக் கூவாதீர்கள். நாற்பது தலைகள் ஒரேசமயத்தில் திரும்பும். அவனோடு ஒத்துப்போகும் ஒரு மாணவனின் பக்கத்தில் இடத்தைக் காலியாக வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்