பாசனக் குளம் ஈரநிலம் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரநிலங்கள் பற்றிய உங்கள் சிறப்புப் பக்கத்தில் ஈரோடு வெள்ளோட்டையும் திருப்பூர் நஞ்சராயன் குளத்தையும் பார்த்ததில் சந்தோஷம். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. கொங்கு நாட்டுக்குப் பெருமைதான். பட்டியலுக்கு வெளியே கிடக்கும் குளங்களைப் பற்றித்தான் ஒரு வரியும் காணோம்.

எங்கள் ஊர்க் குளத்தில் போன வருஷம் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். ‘இது பாசனக் குளம், ஈரநில விதிகள் பொருந்தாது’ என்று பதில் வந்தது. கோபத்தோடு விதியைத் தேடிப் படித்தால், அவர்கள் சொன்னது சரி! மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் ஏரி, குளங்களுக்கும் இடம் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற கணக்கிலிருந்தே நீக்கிவிட்டன.

நம் பக்கம் தானாக உண்டான ஏரி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? இது மழை மறைவுப் பூமி. நொய்யலில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைக் குளங்களுக்குத் திருப்பி முன்னோர் உண்டாக்கியவைதான் பெரும்பாலும். நஞ்சராயன் குளமும் பாசனத்துக்கு இருந்ததுதான். 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனதால் அதற்குத் தனிக் காவல் கிடைத்தது. எங்கள் குளத்துக்கும் நத்தைகுத்தி நாரை வருகிறது, அதற்குச் சட்டம் தெரியாது. குளத்துத் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலத்தில் பாதி வீட்டுமனை சைட் போட்டாயிற்று. மதகு திறந்து பல வருஷம் ஆகிறது. காகிதத்தில் மட்டும் இன்னும் பாசனக் குளம்.

விதிக்குள் வந்த ஈரநிலத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2017 விதிகள் வந்த தேதிக்கு முந்தைய பத்தாண்டின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கிறார்கள். அந்தப் பத்தாண்டில் நாலு வருஷம் வறண்டிருந்தால் சராசரி இறங்கும், தடைக் கோடும் குளத்துக்குள் இறங்கும். காவிரி டெல்டாவை நினைத்து எழுதினார்களோ என்னவோ.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 2,01,503 ஈரநிலங்களை அந்தப் பழைய 2010 விதியின் அடிப்படையில் காக்கச் சொன்னது. அதில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் குளங்கள் எவை என்று சர்வே எண்ணோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். ஆயக்கட்டு அழிந்துபோன குளங்களைப் பாசனக் கணக்கிலிருந்து எடுத்து, மாநில அரசு ஈரநிலமாக அறிவிக்கட்டும். அதுவரை இடிபாட்டு லாரியை யாரிடம் சொல்லி நிறுத்துவது என்றாவது உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவிநாசி வட்டம்