‘கையைத் தூக்காதே’ என்பது எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கு, ‘அறுவை செய்த பக்கத்துக் கையைத் தூக்காதீர்கள், கனம் எடுக்காதீர்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். எதுவரை என்று சொல்வதில்லை. முதல் சில நாட்களுக்கான எச்சரிக்கை மாதக்கணக்கில் நீள்கிறது. தோள் இறுகிய பிறகே இயன்முறை சிகிச்சைக்கு வருகிறார்கள். அதற்குள் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். அதற்காகக் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க அவர்கள் படும் பாடு தேவையே இல்லாதது.

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே விரல்களை மூடித் திறக்கலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம், தோள்களை மெல்லச் சுழற்றலாம். ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு 3 வேளை போதும். காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கும்வரை கை தோள் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். அவசரப்பட்டால் காயத்தின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். மார்பக மறுசீரமைப்பும் செய்திருந்தால் அறுவை மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு.

குழாயை எடுத்து, மருத்துவர் சரி என்றதும் சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மேலே ஏற வேண்டும். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, மூச்சை அடக்காமல் 15 விநாடி இருந்து இறங்க வேண்டும். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் முன்னேற்றம் தெரியும். இதில் பலரும் செய்யும் தவறு, தோளைக் காதுவரை தூக்கி, முதுகைப் பின்னால் வளைத்துக் குறியை எட்டுவது. கை உயர்ந்ததுபோல் தோன்றும். தோள் மூட்டு அசைந்திருக்காது. கண்ணாடி முன் ஒருமுறை செய்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கை நோக்கித் தோலுக்கடியில் கயிறுபோல் ஒன்று தட்டுப்படலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு இது அடிக்கடி வருவதுதான். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, மென்மையாக நீட்டும் பயிற்சிகளைத் தொடர்ந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அழுத்தி அறுக்க முயலக் கூடாது.

எடை தூக்கினால் கை வீங்கும் என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) இருந்த 141 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென மோசமாவது குறைந்தது. ஆனால் அவர்கள் முதலில் மேற்பார்வையில் பழகினார்கள், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தார்கள், மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். பிரிட்டனில் 392 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்து 7 முதல் 10 நாளில் இயன்முறை மருத்துவர் வழிகாட்டிய பயிற்சியைத் தொடங்கியவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டுக்குப் பின் நன்றாக இயங்கியது.

ஆகவே காயம் ஆறி ஒரு மாதம் போல ஆனதும், மருத்துவர் அனுமதித்தால், எடைப் பயிற்சியை அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம். வாரம் 2 நாள், நடுவில் ஓய்வு விட்டு, 10 முறை. மறுநாள் கை கனக்காமல் இருந்தால் மட்டும் எடையைக் கூட்டலாம். இடையில் ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட எடையில் தொடராமல் குறைத்துத் தொடங்க வேண்டும். மோதிரமோ வளையலோ இறுகினால் உடனே காட்ட வேண்டும். கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீமோ சோர்வுக்கும் நடையே நல்ல மருந்து. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் 30 நிமிடம், வாரம் 3 நாள். முடியாத நாளில் 10 நிமிடமும் நடைதான். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் வேண்டாம். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் மாத்திரைகளோடு இரண்டு தேதிகளையும் எழுதித் தர வேண்டும்: கை எப்போது தோளுக்கு மேல் போகலாம், எடை எப்போது தொடங்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு கைகளின் சுற்றளவையும் அளந்து அதே தாளில் குறித்துத் தரவும் வேண்டும். அந்த அளவு இல்லாமல், பின்னாளில் வருவது வீக்கமா இல்லையா என்று தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது கடினம்.

இப்படிக்கு,
புற்றுநோய் மறுவாழ்வுப் பணியில் உள்ள இயன்முறை மருத்துவர்கள்