தினமும் ஒரு தடவை கப்பலை நிறுத்தச் சொன்னவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 12-ஆம் தேதி உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மாரிஸ் யூவிங்கின் பிறந்தநாளையொட்டி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. கடலடியை ஆராய்ந்த அந்தப் புவி இயற்பியலாளரின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தது எனக்கு இதுவே முதல் தடவை. சந்தோஷம். ஆனால் "கண்டங்கள் நகர்வதை நிரூபித்தவர்" என்று தலைப்புப் போட்டுவிட்டீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆராய்ச்சிக் கப்பலில் 26 வருஷம் மேல்தளத்தில் வேலை பார்த்து, மேல்தள ஆட்களுக்குத் தலைவனான சாரங்காக ஓய்வு பெற்றவன். கடைசி 15 வருஷம் என் கை, கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச்சின் நெம்புகோலில்தான் இருந்தது. என் அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார். தூக்கும்போது அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பித்தூளா என்று பார்த்தே தோணி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். நாற்பது பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் அப்பா செய்ததைத்தான் நான் நாலாயிரம் மீட்டரில் செய்தேன். அந்த வேலையை உலகக் கடல் முழுதும் ஓயாமல் செய்ய வைத்தவர் யூவிங்.

அவர் பெயரை நான் கேட்டது வங்காள விரிகுடாவில் ஒரு ராத்திரி. சுற்றிலும் ஒன்றுமில்லாத இடம். அடிச்சேறு எடுக்கும் குழாயை இறக்கச் சொன்னார்கள். இறங்க ஒரு மணி நேரம், ஏற ஒரு மணி நேரம், மழை வேறு. "இந்த இடத்தில் என்ன சார் இருக்கிறது?" என்று முணுமுணுத்தேன். ஆய்வுக்குழுத் தலைவர் கோபப்படவில்லை. "அமெரிக்காவில் யூவிங் என்று ஒருத்தர் இருந்தார். எங்கே போனாலும் தினம் ஒரு தடவை கப்பலை நிறுத்தி ஒரு குழாய் சேறு எடுக்கவேண்டும் என்பது அவர் கப்பலில் சட்டம். ஏன் என்று அன்றைக்குக் கேட்டால் அவரிடமே பதில் இருந்திருக்காது" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கரைக்கு வந்தால் பழைய புத்தகக் கடை, ஓய்வுக்குப் பின் மகனின் கணினி.

டெக்ஸஸில் லாக்னி என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில், 1906-இல் பிறந்தவர். 16 வயதில் ஹூஸ்டனுக்குப் போய் ரைஸ் கல்லூரியில் சேர்ந்து இயற்பியலும் கணிதமும் படித்தார். கோடை விடுமுறைகளில் எண்ணெய் தேடும் குழுக்களோடு லூசியானா ஏரிகளில் அலைந்தார். நிலத்தில் வெடி வைத்து, அதிர்ச்சி பாறையில் ஓடித் திரும்பும் நேரத்தை அளந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அந்தத் தொழிலை அங்கேதான் பழகினார். பிறகு பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை. 1934-இல் இரண்டு பெரியவர்கள் அவரைத் தேடி வந்து, இதே வித்தையைக் கடலில் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். கருவி கிடைத்தால் முடியும் என்றார். அடுத்த வருஷமே 'அட்லாண்டிஸ்' என்ற பாய்மர ஆய்வுக்கப்பலில் ஏறிவிட்டார்.

பணம் கேட்டு அவர் எண்ணெய் நிறுவனங்களின் கதவையும் தட்டியிருக்கிறார். கடலுக்குள் செய்யும் வேலையால் பங்குதாரருக்கு என்ன லாபம், ஐந்து சென்ட்கூடத் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார்களாம். இந்த ஐந்து சென்ட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

யுத்த காலத்தில் அவர் கண்டுபிடித்த ஒன்று என் மாதிரி ஆட்களுக்கு உடனே பிடிபடும். கடலில் குறிப்பிட்ட ஆழத்தில் ஒலி மிக மெதுவாகப் போகும் ஓர் அடுக்கு உண்டு. அந்த அடுக்குக்குள் எழும் சத்தம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், கால்வாயில் ஓடும் தண்ணீர்போல அதற்குள்ளேயே ஓடும். 1944-இல் சிறிய வெடிகளை அந்த ஆழத்தில் வெடிக்க வைத்து, 900 மைலுக்கு அப்பால் கேட்டுக்காட்டினார்.

1949-இல் நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில், லமோன்ட் என்ற வங்கியாளரின் மனைவி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த மாளிகையில் ஆய்வகம் தொடங்கினார். சமையலறையில் வேதியியல் கூடம் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1953-இல் 'வேமா' வந்தது. 1923-இல் கோபன்ஹேகனில் ஒரு பணக்காரருக்காகக் கட்டிய மூன்று பாய்மர உல்லாசக் கப்பல், 202 அடி. யுத்தத்துக்குப் பின் கேட்பாரற்றுக் கிடந்ததை வாங்கி, ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி, கடலடியின் காந்தத்தை அளக்கப் பின்னால் கட்டி இழுக்கும் காந்தமானி (நாங்கள் அதை 'மீன்' என்போம்), சேறு எடுக்கும் குழாய் எல்லாம் ஏற்றினார்கள். 1981 வரை ஓடியது. பத்து லட்சம் கடல் மைல் தாண்டிய முதல் ஆய்வுக்கப்பல் அதுதான்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், உங்கள் குறிப்பில் 'மண் மாதிரிகள் சேகரித்தார்' என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். குழாயின் தலையில் ஒரு டன் பாரம். பக்கத்தில் ஒரு கை, அதில் தொங்கும் ஒரு சிறு குண்டு. குண்டு முதலில் தரை தொடும். தொட்டதும் கொக்கி விட்டுவிடும், குழாய் கடைசிச் சில மீட்டரைத் தானே விழுந்து சேற்றுக்குள் குத்தும். உள்ளே ஒரு பிஸ்டன், ஊசி மருந்தை இழுப்பதுபோல, சேறு கலையாமல் மேலேற வழிவிடும். இழுவைக்கம்பியில் பாரம் சட்டென்று குறைவதை வின்ச்காரன் பார்த்து அந்தக் கணமே நிறுத்தவேண்டும். பிந்தினால் கம்பி அடியில் சுருண்டு முடிச்சு விழும். என் கையாலேயே ஒரு தடவை பிந்தி, குழாய் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்திருக்கிறது. மேலே வரும் அந்தச் சேற்றில் லட்சக்கணக்கான வருஷம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். லமோன்ட் ஆய்வகத்தில் இன்றைக்கு அப்படி ஏறத்தாழ 20,000 குழாய்ச் சேறு இருக்கிறது.

1954 ஜனவரி. வேமா பெர்முடா நோக்கிப் போகிறது, பேய்க்கடல். மேல்தளத்தில் கட்டியிருந்த எண்ணெய் டிரம்கள் கழன்றுவிட்டன. டிரம் கழன்றால் மேட்டும் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) சாரங்கும்தான் போய்க் கட்டவேண்டும், ஆய்வகத் தலைவர் போகவேண்டிய அவசியமே இல்லை. யூவிங் போனார். அவர் தம்பி ஜான், இரண்டு மேட்டுகள், ஆக நாலு பேர். ஓர் அலை நாலு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கடலில் பாய்மரக் கப்பலைத் திருப்பி மூன்று பேரைத் தூக்கியிருக்கிறார்கள் என்றால், சுக்கானில் நின்றவனை நான் கும்பிடுகிறேன். முதல் மேட் சார்லஸ் வில்கி திரும்பவில்லை. யூவிங்குக்குக் கழுத்தில் அடி. கடைசிவரை காலைத் தாங்கித்தான் நடந்தார். நடந்ததை அவர் தம் பிள்ளைகளுக்குக் கடிதமாக எழுதினார். உங்கள் குறிப்பில் 'கப்பல் விபத்தில் உயிர் தப்பினார்' என்று இருக்கிறது. தப்பாதவர் பெயரும் இருந்திருக்கலாம்.

இனி உங்கள் தலைப்பு.

யூவிங்கின் வெடிகள் முதலில் காட்டியது இது: கண்டங்களுக்கு அடியில் பூமியின் மேலோடு 30, 40 கிலோமீட்டர் கனம் என்றால் கடலுக்கு அடியில் ஆறேழு கிலோமீட்டர்தான். அதற்கு மேலே படிந்த சேறும் கொஞ்சம்தான். கடல் பூமியளவு பழையது என்றால் கிலோமீட்டர் கணக்கில் சேறு இருந்திருக்க வேண்டும். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியிலோ அநேகமாகச் சேறே இல்லை. எல்லாத் தடயமும் அவர் மேசைமேலேயே இருந்தது. ஆனாலும் கண்டங்கள் நகர்கின்றன என்று அவர் ஒப்பவில்லை. 1966-இல் நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டில், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த புவி இயற்பியலாளர் எட்வர்ட் புல்லர்டிடம், "இந்தக் குப்பையை நீங்கள் நம்பவில்லையே?" என்று கேட்டாராம். அதைப் புல்லர்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவரை மாற்றியது அவர் சொந்தக் கிடங்கு. அதே 1966-இல் லமோன்ட் மாணவர் வால்டர் பிட்மன், தென் பசிபிக்கில் 'எல்டானின்' கப்பல் இழுத்த 'மீன்' தந்த காந்தப் பதிவை எடுத்துப் பார்த்தார். மலைத்தொடரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருந்தன. உருகிய பாறை இறுகும்போது அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைப் பதித்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், தரை நடுவில் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று அர்த்தம். அங்கேயே நீல் ஆப்டைக் என்பவர் அலமாரியில் கிடந்த சேற்றுக் குழாய்களை அளந்தார். பூமியின் காந்தம் எப்போதெல்லாம் தலைகீழானது என்று சேறும் அதே கணக்கைச் சொன்னது. வேறு யாரும் இந்த அளவுக்குச் சரிபார்ப்பது கஷ்டம், அவர்களிடம் இத்தனை சேறு இல்லை. மற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் கருத்துக்குப் பொருத்தமான இடத்துக்குத்தான் கப்பலை அனுப்பினார்கள். இவர் தினமும் நிறுத்தினார். அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் அவரையே தோற்கடித்தது. என்னைக் கேட்டால் 'நிரூபித்தவர்' என்பதைவிட இது பெரிய சங்கதி.

நீங்கள் போட்டிருந்த கடலடிப் படமும் யூவிங் வரைந்ததல்ல. மேரி தார்ப் வரைந்தது. அவர் 1948-இல் கொலம்பியாவில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் பெண்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். யூவிங்கின் ஆய்வகத்தில் இருந்த ப்ரூஸ் ஹீஸன் கடலிலிருந்து ஆழக்கணக்கு கொண்டுவருவார், தார்ப் கரையில் உட்கார்ந்து வரைவார். 1952 வாக்கில் அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைப் பார்த்துச் சொன்னார். பெண்பிள்ளைப் பேச்சு என்று ஹீஸன் ஒதுக்கினார். பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் நிலநடுக்கங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் விளக்கு மேசையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது புள்ளிகள் அத்தனையும் பள்ளத்தாக்கில் வரிசையாக விழுந்தன. பிளவு உலகத்தையே சுற்றிவருகிறது என்று 1956-இல் அறிவித்தவர்கள் யூவிங்கும் ஹீஸனும். பிறகு அந்த இருவருக்கும் பகை வந்து, ஹீஸனுக்கு ஆய்வகத்தின் தரவுகளையும் கப்பலையும் யூவிங் மறுத்தார். தார்ப் வேலை இழந்து, வீட்டில் வைத்து வரைந்தார். இதையும் மறைக்கவேண்டியதில்லை. பெரிய மனுஷன் சின்னத்தனமாக நடந்த இடம் அது. கப்பலில் தார்ப் முதன்முதலில் கால் வைத்தது 1968-இல்.

பகைக்கு முன் அந்த இருவரும் சேர்ந்து செய்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். 1929-இல் கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே நிலநடுக்கம் வந்தபோது கடலடித் தந்திக் கம்பிகள் பல அறுந்தன. சில உடனே, மற்றவை ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக. கடைசிக் கம்பி 13 மணி 17 நிமிஷம் கழித்து. கம்பி அறுந்தால் தந்தி நின்ற நிமிஷம் பதிவாகிவிடும். 1952-இல் அந்த நேரங்களையும் தூரங்களையும் வைத்து, சேறு கலந்த தண்ணீர் சரிவில் காட்டாறாக இறங்கித்தான் அறுத்திருக்கிறது என்று ஹீஸனும் யூவிங்கும் கணக்குப் போட்டார்கள். நம் வங்காள விரிகுடாவின் அடியிலும் இமயமலைச் சேறு அப்படி ஓடித்தான் இலங்கைக்குத் தெற்கு வரை பரவிக் கிடக்கிறது. நான் "என்ன சார் இருக்கிறது" என்று கேட்ட ராத்திரி குழாயில் வந்ததும் அந்தச் சேறுதான். சாம்பல் நிறம், வெண்ணெய் போல வழுவழுப்பு.

அந்த ஐந்து சென்ட் விஷயம். 1968-இல் 'குளோமார் சேலஞ்சர்' கப்பல் ஆழ்கடலில் துளையிடக் கிளம்பியபோது, முதல் பயணத்தின் இரண்டு தலைவர்களில் ஒருவர் யூவிங். மெக்ஸிகோ வளைகுடாவில் சுமார் 3,570 மீட்டர் தண்ணீருக்கு அடியில் ஒரு மேட்டைத் துளைத்தார்கள். துளையில் வந்த பாறையில் எண்ணெய் இருந்தது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் அந்தச் செய்தியைப் படித்தபோது யாருக்காவது அந்தப் பழைய பதில் ஞாபகம் வந்திருக்குமா என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன்.

1972-இல் பல்கலைக்கழகத்தோடு மனஸ்தாபமாகி, தாம் கட்டிய லமோன்ட்டை விட்டுச் சொந்த மாநிலத்துக்கே, கால்வெஸ்டனுக்குப் போனார். 1974 மே 4-ஆம் தேதி மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். இன்னும் எட்டு நாளில் 68 வயது முடிந்திருக்கும்.

என் வேண்டுகோள் இரண்டு வரித் திருத்தம்தான், அதே மாணவர் பக்கத்தில். யூவிங் கண்ட நகர்வை நிரூபிக்கவில்லை, அதை நம்பாமலே அதற்கான சாட்சியைச் சேர்த்தவர். படத்தை வரைந்தவர் மேரி தார்ப். இடம் இருந்தால் சார்லஸ் வில்கி பெயரையும் சேருங்கள். பேத்தி நோட்டில் படத்துக்குக் கீழே தார்ப் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டாள். தலைப்பை மட்டும் அடிக்கமாட்டேன் என்கிறாள், பேப்பரில் வந்தது எப்படித் தாத்தா தப்பாக இருக்கும் என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரங்கு,
தூத்துக்குடி