மைனஸில் விட்டுவந்த கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. வங்கிக் கணக்கைப் பற்றிய பகுதியில் மட்டும், ‘செக் திரும்பினால் கிரெடிட் ஸ்கோர் விழும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இங்கே வசிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நடப்பது அப்படியில்லை. செக் திரும்பியதோ, கணக்கு மைனஸில் போனதோ அந்த ஸ்கோருக்கு அடிப்படையான கிரெடிட் அறிக்கையில், அதாவது ஒருவரின் கடன் வரலாற்றில், நேராக ஏறுவதில்லை. அது ஏறும் ஏடு வேறு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

செக்-சிஸ்டம்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். புதுக் கணக்கு கேட்டு வருகிறவர் பழைய வங்கியில் எப்படி நடந்துகொண்டார் என்று பல வங்கிகள் அங்கேதான் விசாரிக்கின்றன. எர்லி வார்னிங் சர்வீசஸ் என்று இன்னொன்றும் உண்டு. (பெரிய வங்கிகள் சேர்ந்து வைத்திருப்பது.)

ஒரு செக் திரும்பி, உடனே பணத்தைக் கட்டிவிட்டவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மாட்டிக்கொள்வது மைனஸை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான். வசூலாகாத மைனஸ் தொகையை 60 நாளுக்குள் வங்கி தன் கணக்கில் நட்டமாக எழுதிவிட வேண்டும் என்று வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகள் 2005இல் வழிகாட்டுதல் தந்திருக்கின்றன. நட்டமாக எழுதிவிட்டதால் கடன் தீர்ந்தது என்று அர்த்தமில்லை, பாக்கி பாக்கிதான். வங்கி கணக்கை மூடி, விவரத்தைச் செக்-சிஸ்டம்ஸுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பதிவு பொதுவாக 5 ஆண்டு இருக்கும். பாக்கி வசூல் நிறுவனத்தின் கைக்குப் போனால்தான் கிரெடிட் அறிக்கையிலும் ஏறக்கூடும். அங்கே 7 ஆண்டு.

மாணவர்கள் இதில் சிக்கும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். படிப்பு முடிகிறது. கணக்கில் சில டாலர்தானே என்று முடிக்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். ஜிம் சந்தா மட்டும் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். இருப்பு போதாத மாதம் வங்கி அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் ஓவர்டிராஃப்ட் கட்டணமும் போடும். 35 டாலர் வாங்கிய வங்கிகள் பல. இப்போது சில குறைத்திருக்கின்றன. எச்சரிக்கைக் கடிதமோ, காலி செய்துவிட்ட அபார்ட்மெண்டுக்குப் போய்ச் சேரும். ‘ஓவர்டிராஃப்ட் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேனே’ என்பார்கள். வாடிக்கையாளர் சம்மதித்தால்தான் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடலாம் என்று 2010இல் வந்த விதி ஏடிஎம்முக்கும், கடையில் அவ்வப்போது கார்டு தேய்ப்பதற்கும் மட்டும்தான். செக்குக்கும் மாதாந்திரத் தானியங்கிப் பிடித்தத்துக்கும் அது பொருந்தாது. மூடிய கணக்கையே பிடித்தம் வந்ததும் மறுபடி திறந்துவிட்ட வங்கிகளும் உண்டு. இது சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் எச்சரித்தது.

நம் நாட்டில் செக் திரும்பினால் 138ஆவது பிரிவு, வக்கீல் நோட்டீஸ், 15 நாள் கெடு, 2 ஆண்டு வரை சிறை என்று எல்லாமே வீடு தேடி வரும். இங்கேயும் வேண்டுமென்றே ஏமாற்றினால் குற்றம்தான். ஆனால் மறதியால் விட்ட பாக்கிக்குப் போலீஸ் வராது. சில ஆண்டு கழித்து வேலை விசாவில் வந்து, சம்பளம் போடக் கணக்கு கேட்கும்போதுதான் தெரியவரும். அப்படி வந்த ஓர் இளைஞர் என்னிடம் காட்டிய கடிதத்தில், ‘தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை’ என்பது மட்டும் பளிச்சென்று இருந்தது. எந்த நிறுவனத்தின் தகவலால் என்பது அடியில் பொடி எழுத்தில். அவர் அதைப் படித்திருக்கவே இல்லை.

அந்தப் பொடி எழுத்தைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். 1970ஆம் ஆண்டின் கிரெடிட் அறிக்கைச் சட்டப்படி, மறுப்புக் கடிதம் கிடைத்து 60 நாளுக்குள் கேட்டால் அந்த அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மறுக்கப்படாதவர்களும் 12 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம். தவறான பதிவு என்றால் முறையிடலாம். பொதுவாக 30 நாளில் விசாரித்துச் சொல்ல வேண்டும். பாக்கி உண்மையென்றால், கட்டிய பிறகும் பதிவு தானாக மறையாது. ‘செலுத்தப்பட்டது’ என்றுதான் மாறும். ஆகவே கட்டும் முன்பே, பதிவை நீக்குவீர்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்பது நல்லது. ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஜிம் சந்தாவை மறந்தவருக்கும் திட்டமிட்டுச் செக் மோசடி செய்தவருக்கும் ஒரே 5 ஆண்டு என்பது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதவு மூடப்பட்டவர்களுக்கு எல்லோருக்கும் வங்கிக் கணக்கு கிடைக்கச் செய்யும் ‘பேங்க் ஆன்’ திட்டத்தின் சான்று பெற்ற கணக்குகள் இருக்கின்றன. செக் புத்தகம் கிடையாது, ஓவர்டிராஃப்ட் கட்டணமும் கிடையாது. மாதக் கட்டணமும் குறைவுதான். சம்பளம் வாங்க அது போதும்.

அந்தக் கட்டுரையை இணையத்திலும் வெளியிட்டிருக்கிறீர்கள். கிரெடிட் ஸ்கோர் வரியைத் திருத்தி, ‘ஊர் திரும்பும் முன் தானியங்கிப் பிடித்தங்களை நிறுத்தி, கணக்கை முடித்து, முடித்ததற்கான கடிதத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி