வயதைப் பெரிதாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லீவுக்கு வந்த ஏழு வயதுப் பேரனை சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டிப் போனேன். குடும்பத்தோடு பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். ஒருவரின் கழுத்தை வில்லன் நெரிக்கும் காட்சி நீண்டுகொண்டே போக, பிள்ளை என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று ராத்திரி விளக்கை அணைக்கவே விடவில்லை.

சண்டையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். முத்துப்பட்டன் கதையிலும் கொலை உண்டு. ஆனால் பட்டன் சாய்ந்ததும் அவன் மனைவிமார் பொம்மக்கா, திம்மக்காவின் துயரத்தைப் புலவர் நெடுநேரம் பாடுவார். கூட்டமே கண்ணைத் துடைக்கும். சாவு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு அப்போதே புரிந்துவிடும். நான் பார்த்த படத்தில் கட்டடம் கட்டடமாகச் சரிகிறது, உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அடுத்த காட்சியில் ஹீரோ ஜோக் அடிக்கிறார். அடியைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழ், 2023 திரைப்படச் சட்டத் திருத்தத்தால் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெற்றோருக்கான அறிவுரைதான். ‘ஏ’ படம்போல வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் அந்த எண் எங்கள் கண்ணில் பட வேண்டாமா? டிக்கெட் கவுண்டரிலும் போஸ்டரிலும் தமிழில், கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

ஒரு தாத்தா,
பாளையங்கோட்டை.