கறி தொடாதவனுக்கு எப்படி வந்தது?

சித்தூர்

கண்ணு,

உன் அறைத்தோழனுக்கு வலிப்பு வந்ததையும், ஸ்கேனில் மூளைக்குள் புழுக்கட்டி தெரிந்ததையும் எழுதியிருந்தாய். ‘அவன் முட்டைகூடத் தொடமாட்டானே’ என்று கேட்கிறாய். தொட வேண்டியதே இல்லை.

அந்தக் கட்டி நாடாப்புழுவுடையது. அது நம் உடம்புக்குள் வர வழி இரண்டு. சரியாக வேகாத பன்றிக்கறியில் பட்டாணி போல நீர்க்கட்டிகள் இருக்கும். அதைத் தின்றவர் குடலில் புழு ஒட்டிக்கொண்டு 2 முதல் 7 மீட்டர் வரை வளரும். வாயும் கிடையாது, குடலும் கிடையாது. நம் சாப்பாட்டைத் தோலாலேயே உறிஞ்சும். உடம்பு துண்டு துண்டாக, ஆயிரம் வரை. முற்றிய துண்டு ஒன்றில் 50,000 முட்டை இருக்கலாம். சுமப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வழி இது: அவர் வெளிக்குப் போய்விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சட்னி அரைத்தால், அதைச் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் புழுவின் முட்டை போகும். பன்றிக்கு நடப்பதே அவருக்கும் நடக்கும்: முட்டை பொரிந்து, குஞ்சு குடலைத் துளைத்து, ரத்தத்தோடு போய்த் தசையிலோ கண்ணிலோ மூளையிலோ கட்டியாகத் தங்கும். பல வருஷம் சத்தமே இருக்காது. பெரும்பாலும் கட்டி சாகும்போதுதான் சுற்றிலும் வீங்கி வலிப்பு வரும்.

அதனால்தான் புழுவைக் கொல்லும் மாத்திரையான அல்பெண்டசோலை மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. கட்டிகள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடும். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். கண்ணில் கட்டி உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அல்பெண்டசோலின் வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாக. நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும். வலிப்பு மாத்திரையை அவனாக நிறுத்தவே கூடாது.

ஒற்றைக் கட்டி என்றால் காசநோய்க் கட்டியோ என்ற குழப்பமும் வரும். 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் முறையை வகுத்தவர்கள் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான்.

மெஸ்ஸில் சமைப்பவருக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல். புழு முட்டை தினமும் வெளியேறாது. வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்க்க வேண்டும். அவரைக் குற்றவாளியாக்காதே, புழு இருந்தால் மாத்திரையில் போய்விடும். பச்சைக் கொத்தமல்லி, முள்ளங்கியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் இந்த முட்டையைக் கொல்லாது, கொதி கொல்லும்.

மறுபடி வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதே. ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார். 5 நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

அப்பா